கேரவனில் கரண்ட்: செருகுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டை யாரும் யோசித்துத் தொடுவதில்லை. என்றைக்கோ ஒரு எலக்ட்ரீஷியன் வந்து ஒயரிங் முடித்தார், அதோடு சரி. இருபது வருஷமாக அதே சுவர், அதே ஒயர். கேரவனோ மோட்டார்ஹோமோ அப்படி இல்லை. அது ஓடுகிற வீடு. குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு நாள் ஓடினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு திருகும் அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்கிறது. ராத்திரி போய் நிற்கும் இடத்தில் உள்ள பாயிண்டை யார் போட்டார்கள், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அதனால் வண்டியில் ஒவ்வொரு தடவையும் சோதித்த பிறகுதான் நம்ப வேண்டும். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

ஒரே வண்டி, இரண்டு கரண்ட்

வண்டிக்குள் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் ஓடுகின்றன. ஒன்று பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் டிசி. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபேன், பல வண்டிகளில் ஃபிரிட்ஜ் எல்லாம் இதில்தான் ஓடும். இன்னொன்று வெளியிலிருந்து கேபிள் வழியாக வரும் மெயின் கரண்ட். நாட்டைப் பொறுத்து அது 230 வோல்ட் அல்லது 120 வோல்ட். ஏசி, மைக்ரோவேவ், ஹீட்டர், சுவர் பாயிண்ட்கள் எல்லாம் இதில். இரண்டுக்கும் நடுவே சார்ஜர் மெயின் கரண்டை 12 வோல்ட்டாக்கிப் பேட்டரிக்கு ஊட்டும். இன்வெர்ட்டர் அதன் தலைகீழ் வேலையைச் செய்யும்.

மெயின் கரண்ட் ஷாக் அடித்துக் கொல்லும். இது எல்லோருக்கும் தெரியும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, அதனாலேயே அதை அலட்சியமாகக் கையாளுகிறார்கள். ஆனால் அது தீ வைக்கும். 1000 வாட் சாதனம் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர்தான் இழுக்கும். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், நடுவில் ஆகும் இழப்பையும் சேர்த்து 90 ஆம்பியருக்கு மேல் போகும். ஒயரைச் சூடாக்குவது வோல்ட் இல்லை, ஆம்பியர். பேட்டரியின் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல்கூடப் பாயும். ஸ்பேனர் சிவந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பேட்டரிப் பக்கம் கை வைக்கும் முன் மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

முதல் படி: கிளம்புவதற்கு முன் வண்டியைப் படிப்பது

புறப்படும் நாளுக்கு முன் ஒரு மத்தியானத்தை இதற்காக ஒதுக்குங்கள். பேட்டரி எங்கே இருக்கிறது, அதை முழுவதுமாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் எது, 12 வோல்ட் ஃபியூஸ் பெட்டி எங்கே, மெயின் பிரேக்கர் எங்கே, எந்தப் பிரேக்கர் எதற்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஒரு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். இருட்டில் கருகல் வாடை வரும்போது எந்தச் சுவிட்ச் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. வண்டியில் இருக்கும் எல்லோருக்கும், பிள்ளைகள் உட்பட, ஐசொலேட்டர், மெயின் பிரேக்கர் என்ற அந்த இரண்டு மெயின் சுவிட்சுகளும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை, சப்ளை இருக்கும்போது, அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போட்டு அதை மாற்றுங்கள். 230 வோல்ட் ஊர்களில் இது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும். 120 வோல்ட் ஊர்களில் அதே வேலையைச் செய்யும் ஜிஎஃப்சிஐ 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கும்.

இரண்டாம் படி: லோடு கணக்கு

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பாயிண்ட் என்றால் 3680 வாட். ஆனால் பல இடங்களில் 10 அல்லது 6 ஆம்பியர்தான் கொடுப்பார்கள், அப்போது 2300 அல்லது 1380 வாட்தான். 120 வோல்ட் ஊர்களில் 30 ஆம்பியர் என்றால் 3600 வாட். 50 ஆம்பியர் பாயிண்ட் பெயரில் கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரியும். ஆனால் அதில் இரண்டு லைன்கள் தனித்தனியாக 50 ஆம்பியர் தருவதால் மொத்தம் 12,000 வாட். மணிக்கணக்கில் ஓடும் லோடை இந்த அளவுகளில் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியர் பாயிண்டில் அது 24 ஆம்பியர்.

இனி சாதனங்களைப் பாருங்கள். கூரை ஏசி ஓடும்போது சுமார் 1300 முதல் 1500 வாட், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. ஹேர் டிரையர் 1200 முதல் 1800. கெட்டில் 1500க்கு மேல். வாட்டர் ஹீட்டர் 1400 பக்கம். மைக்ரோவேவில் '1000 வாட்' என்று எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து அது இழுப்பது 1500 பக்கம் இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆக 30 ஆம்பியரில் ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் எல்லை தாண்டிவிடும். தண்ணீர் சூடானதும் ஹீட்டரை அணைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள்.

மூன்றாம் படி: கேபிள்

16 ஆம்பியர் சப்ளைக்கு 25 மீட்டர் வரை நீளமுள்ள, 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மூன்று கோர் ரப்பர் கேபிள் போதும். வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டு இதற்கு ஆகாது. சுருளாக வாங்கிய கேபிளைப் பாதி பிரித்துவிட்டு மீதியைச் சுருளாகவே விட்டுவிடாதீர்கள். முழுவதையும் பிரித்துத் தரையில் பரப்புங்கள். சுருளுக்குள் ஒவ்வொரு சுற்றின் சூடும் அடுத்த சுற்றைச் சூடாக்கும், வெளியேற வழி இருக்காது. ஹீட்டர் ஓடும் ஒரு குளிர் இரவில் உள்சுற்றுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அது போதும்.

பிளக்கின் பின்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளை பளபளப்பாக இருக்க வேண்டும். நான் ஒரு முறை அவசரத்தில் பார்க்காமல் செருகினேன். சாயங்காலம் ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். எங்கேயோ குப்பை என்று நினைத்தேன். காலையில் கழற்றப் போனால் பிளக் வரவில்லை. ஒரு பின்னைச் சுற்றி இருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, பாகு மாதிரி இளகி, சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. அந்தப் பின்னில் கடுகளவு கருப்புக் குழிகள் ஏற்கனவே இருந்திருக்கின்றன. சாக்கெட்டும் தளர்ந்திருந்தது. சூடேறும் பிளாஸ்டிக் அப்படித்தான் மீன் மாதிரி நாறும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த வாடை வந்தால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு தேடுங்கள்.

நான்காம் படி: செருகும் முறை

வரிசை மாறாமல் செய்யுங்கள். களைத்துப் போய் மழையில் வந்து நிற்கும் நாளில்தான் இந்த வரிசை ரொம்ப முக்கியம்.

1. வண்டிக்குள் ஏசி, ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்து, மெயின் பிரேக்கரையும் கீழே தள்ளுங்கள்.
2. தங்குமிடத்தின் சப்ளைப் பெட்டியில் பிரேக்கரை அணையுங்கள். சாக்கெட்டைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். கருகல், விரிசல், ஆட்டம், உள்ளே தண்ணீர் எது இருந்தாலும் வேறு இடம் கேளுங்கள்.
3. டெஸ்டரைச் செருகிப் பிரேக்கரைப் போடுங்கள். வோல்டேஜ், எர்த், போலாரிட்டி (லைனும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருப்பது) மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடி அணையுங்கள்.
4. கேபிளை முதலில் வண்டிப் பக்கம், பிறகு சப்ளைப் பெட்டிப் பக்கம் செருகுங்கள். இப்படிச் செய்தால் கரண்ட் உள்ள திறந்த முனை ஒரு நொடிகூடக் கையில் இருக்காது.
5. சப்ளைப் பெட்டியின் பிரேக்கரைப் போடுங்கள். வண்டியைத் தொடாமல், தொடாமலே வோல்டேஜ் காட்டும் பேனா டெஸ்டரைக் கதவுக் கைப்பிடி, படிக்கட்டு, உலோகச் சட்டம் பக்கம் கொண்டுபோங்கள். கத்தினால் உடனே சப்ளையை அணையுங்கள்.
6. பிறகுதான் உள்ளே போய் மெயின் பிரேக்கரைப் போட வேண்டும். ஆர்சிசிபியைச் சோதித்துவிட்டு, ஐந்தாவது படியின் பேனா சோதனையைக் கீழே நின்றபடி இன்னொருவரை ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். சாதனங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.
7. பெரிய லோடு அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் ரப்பர் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட வேண்டியதுதான்.

வோல்டேஜ் பற்றி ஒரு வார்த்தை. வெயில் நேரத்தில் எல்லா வண்டிகளும் ஏசி போடும்போது வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் சப்ளை 207க்குக் கீழே, 120 வோல்ட் சப்ளை 105க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்துங்கள். வோல்டேஜ் குறையும்போது மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகி, கம்ப்ரஸரின் ஆயுளைத் தின்றுவிடும். இதைத் தானே கண்காணித்துத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிகள் கிடைக்கின்றன. வெறும் சர்ஜ் புரொடெக்டர் இதைச் செய்யாது. அது திடீர் எழுச்சியை மட்டும்தான் தடுக்கும். நான் பணம் செலவழிக்கச் சொல்லும் முதல் கருவி, வோல்டேஜைக் கண்காணித்துத் துண்டிக்கும் அந்தக் கருவிதான்.

120 வோல்ட் ஊர்களில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கேரவனின் 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட்டுக்கானது. வீட்டில் பாயிண்ட் போட வருபவர் அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவதுண்டு. செருகிய கணமே உள்ளே இருப்பவை புகையும். ஆகவே புதுப் பாயிண்டை மல்டிமீட்டரால் அளந்த பிறகே வண்டியைச் செருகுங்கள். அடுத்தது, 50 ஆம்பியர் பாயிண்டில் நியூட்ரல் அறுந்தால் இரண்டு லைன்களும் சமநிலை இழக்கும். ஒன்றில் 120 தாண்டி எகிறும். அப்போது சில விளக்குகள் அதிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரியும். காத்திருக்க வேண்டாம், மெயினை அணையுங்கள்.

வண்டியின் உடம்பில் கரண்ட் ஏறுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேரவனில் கரண்டால் உயிர் போகும் முக்கியமான வழி இது.

வண்டி ரப்பர் டயர்மேல் நிற்கிறது. பூமிக்கும் அதன் உலோக உடம்புக்கும் இருக்கும் ஒரே தொடர்பு கேபிளில் வரும் எர்த் ஒயர். கேபிளிலோ சப்ளைப் பெட்டியிலோ அந்த எர்த் அறுந்துவிட்டது என்று வையுங்கள். உள்ளே எல்லாம் வழக்கம்போல் ஓடும், எதுவும் ட்ரிப் ஆகாது. அந்த நேரம் வாட்டர் ஹீட்டரின் எலிமெண்ட் கசிய ஆரம்பித்தால், கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் உலோக உடம்பு முழுவதும் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புல்லில் வெறுங்காலோடு வந்து கதவைப் பிடிப்பவரின் உடம்பு வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். மழைக்குப் பிறகு குழந்தைகள் ஓடி வந்து கைப்பிடியைப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

கதவைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்றால், 'சின்ன ஷாக்தான்' என்று விட்டுவிடாதீர்கள். கால் காய்ந்திருந்ததால் அது சின்னதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எல்லோரையும் வண்டியிலிருந்து விலகி நிற்கச் சொல்லி, சப்ளைப் பெட்டியில் அணையுங்கள். உள்ளே ஆள் இருந்தால், அணைக்கும் வரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலுமாக இறங்குவதுதான் ஆபத்து.

மூன்று விளக்கு உள்ள சாதாரண டெஸ்டர் எல்லாக் கோளாறையும் காட்டாது. எர்த் இல்லாத பாயிண்டில் யாராவது நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே சேர்த்து முறுக்கிவிட்டு, கூடவே லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால், டெஸ்டர் 'எல்லாம் சரி' என்று காட்டும். ஆனால் வண்டி உடம்பு முழு வோல்டேஜில் நிற்கும். இந்தத் தவறை எளிதாகப் பிடிப்பது பேனா டெஸ்டர்தான். செருகும் வரிசையில் ஐந்தாவதாக உள்ள பேனா சோதனையைத் தவிர்க்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

போலாரிட்டி மட்டும் மாறியிருந்தால்? ஒரு ஒயரை மட்டும் துண்டிக்கும் ஒற்றைத் துருவ சுவிட்சை அணைத்த பிறகும் சாதனத்துக்குள் கரண்ட் நிற்கும். வண்டியின் பிரேக்கர் இரண்டு துருவத்தையும் துண்டிக்கும் வகையாக இருந்தால் அபாயம் குறையும். எதையாவது கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் பிளக்கையே பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: பேட்டரி

லெட்-ஆசிட் பேட்டரி சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். அதனால் பேட்டரிப் பெட்டியின் காற்றுக்குழாய் வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும். அங்கே சாமான் அடுக்கி அடைக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டரை முழு சார்ஜுக்குப் பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 முதல் 90 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய நேர்கோடாக ஓடும். வோல்ட்டைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. ஷண்ட் (உள்ளே வெளியே ஓடும் ஆம்பியரை அளக்க உதவும் சிறு தடை) வைத்த பேட்டரி மானிட்டர் வேண்டும். பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். பழைய சார்ஜரை அப்படியே மாட்டாமல், லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும் எஞ்சினிலிருந்து நேரடியாக இணைத்தால் இந்த பேட்டரி கிடைக்கும் ஆம்பியரையெல்லாம் விழுங்கி ஆல்டர்னேட்டரை எரித்துவிடக்கூடும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் இருக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அப்போதுதான் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டாலும் ஷார்ட் ஆகாது.

ஆறாம் படி: ஃபியூஸ், லக், இன்வெர்ட்டர்

ஃபியூஸ் காப்பது ஒயரை. ஒயர் தாங்கும் அளவுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் போகிறது என்று பெரிதாகப் போட்டால் அடுத்து எரிவது ஒயர். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் இருக்கட்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் இருக்கும் ஒயருக்குக் காவல் இல்லை. 2000 வாட் இன்வெர்ட்டர் 185 ஆம்பியர் வரை இழுக்கும். குட்டையான ஓட்டத்துக்கே 70 சதுர மில்லிமீட்டர் கேபிள் கேட்கும். லித்தியம் பேட்டரியின் ஷார்ட் கரண்ட் மிக அதிகம் என்பதால், சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறிப் பாலம் நீடிக்கலாம். அங்கே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்கள்.

லூஸ் கனெக்‌ஷனின் சூட்டைக் கணக்கிலேயே பாருங்கள். ஒரு லக் (ஒயரின் முனையில் நட்டால் இறுக்கும் உலோக வளையம்) தளர்ந்து, ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை உண்டாகிவிட்டது. அதன் வழியே 100 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு நட்டில் 100 வாட் சூடு பிறக்கும். விரல் நுனி அளவு இடத்தில் ஒரு பழைய குண்டு பல்பின் சூடு முழுவதும்! ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஆம்பியர் எல்லைக்குள்தான் இருக்கிறது. நான் நட்டை இறுக்கியதும் நட்டிலிருந்து போல்ட் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் 20 வாட் வரை தின்னும். ஒரு நாளில் 40 ஆம்பியர்-மணி. தேவை முடிந்ததும் அணையுங்கள். இன்வெர்ட்டரும் வெளி சப்ளையும் ஒரே ஒயரிங்கில் ஒரே நேரத்தில் சேரக் கூடாது. நடுவே டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் கட்டாயம். இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த கேபிளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பின்களில் கரண்ட் வந்து நிற்கும்.

சோலார் வைத்திருந்தால் கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. பிரிக்கும்போது பேனல் முதலில். வெளிச்சம் பட்டாலே பேனலில் வோல்டேஜ் இருக்கும்; கனமான துணியால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள்.

ஜெனரேட்டர்

இங்கே கரண்டைவிடப் புகைதான் எமன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது. தலைவலி, மயக்கம், வாந்தி என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும். தனியாக வைக்கும் ஜெனரேட்டரை 6 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, புகைக்குழாய் எந்த வண்டியின் ஜன்னலையும் பார்க்காதபடி வையுங்கள். அடுத்த வண்டியின் ஜெனரேட்டரும் உங்களைக் கொல்லக்கூடும் என்பதால், ஜெனரேட்டர் இல்லாதவர்களுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். அதன் பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி தாண்டியது பீப் அடித்தாலும் பயன் இல்லை. பெட்ரோல் ஊற்றும் முன் ஜெனரேட்டரை ஆறவிடுங்கள்.

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது. உங்கள் பாதுகாப்புக் கருவி 'எர்த் இல்லை' என்று சொல்லிக் கரண்ட் விட மறுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த இணைப்பு கரண்ட் பிறக்கும் இடத்தில் ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும், வண்டியின் பெட்டிக்குள் ஒருபோதும் கூடாது. அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ட்ரிப் ஆனால், புகைந்தால்

பிரேக்கர் விழுந்தால் லோடைக் குறைத்துவிட்டு ஒரு முறை போடலாம். மறுபடி விழுந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை போடாதீர்கள். ஆர்சிசிபி விழுந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள்: எல்லாச் சாதனத்தையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். மழைக்குப் பிறகு மட்டும் விழுகிறது என்றால் வெளிப்புற சாக்கெட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். புகை வந்தால் ஆட்கள் முதலில் வெளியே. போகிற வழியில் எட்டினால் மட்டும் மெயின், பிறகு வெளியே சப்ளைப் பெட்டி. கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கிளம்பும்போதும் நிறுத்தி வைக்கும்போதும்

முதலில் லோடுகளை அணையுங்கள். ஓடும் லோடோடு பிளக்கைப் பிடுங்கினால் பின்னில் தீப்பொறி அடிக்கும். முன்பு சொன்ன அந்தக் கடுகளவு குழிகள் அப்படித்தான் பிறக்கின்றன. பிறகு சப்ளைப் பெட்டியின் பிரேக்கர், சப்ளைப் பக்கப் பிளக், கடைசியில் வண்டிப் பக்கம். கேபிளைத் துடைத்துக் காயவைத்துச் சுருட்டுங்கள்.

வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஐசொலேட்டரை அணைத்துவிடுங்கள். எல்லாம் அணைந்திருக்கிறது என்று நினைத்தாலும் அலாரம், ரேடியோ போன்றவை அரை முதல் ஒரு ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. லெட்-ஆசிட்டை நிறைத்து வைத்து அவ்வப்போது சார்ஜ் செய்யுங்கள், லித்தியத்தைப் பாதி அளவில் விடுங்கள். மறுபடி வண்டியை எடுக்கும் நாளில் ஐசொலேட்டரைப் போடுவதற்கு முன் பேட்டரி மூடியைத் திறந்து அந்த நெயில் பாலிஷ் கோடுகளைப் பாருங்கள்.